வெள்ளை வால் உண்ணிகள்

பட்டம் வாங்க எனக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி இருந்தது. பரீட்சைகள் எல்லாம் முடிந்திருந்தன. கடைசி வருடம் வயிற்றில் பிள்ளை இருந்ததால் செய்முறைப் பயிற்சியை மட்டும் ஒரு வருடம் தள்ளிப் போட்டிருந்தேன். மறுபடி தள்ளிப் போட முடியாது என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எட்டு வாரம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பழக வேண்டும். தினமும் பதிவேட்டை நிரப்ப வேண்டும். கடைசிப் பக்கத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாவிட்டால் நான் நான்கு வருடம் படித்ததற்கு அர்த்தமே இல்லை.

மண் ஆய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மண் கொட்டாது. எனக்குக் கிடைத்ததோ தேனீக்களின் உடல்நலம்.

"தேனீக்கு என்னா உடம்புக்கு?" என்று கேட்டார் என் கணவர். அவர் ரயில்வேயில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது.

"அதத்தான் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சா? ஒவ்வொன்னுக்கும் மாத்திரை குடுப்பீங்களா?"

அவருக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கு அன்று இரண்டு கவளத்துக்கு மேல் சோறு இறங்கவில்லை.

மேற்பார்வையாளர் கிள்ளானில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. நாற்பது வயதைத் தாண்டியவர். கத்தரித்த தலைமுடி, அதிகம் பேசாத சுபாவம். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். முதல் நாளே அவர் நான்கு விதிகளைச் சொன்னார். தலையில் பூ வைக்கக் கூடாது. வாசனை சென்ட் பூசக் கூடாது. வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டி பக்கம் போகக் கூடாது. தேனீ கொட்டும்போது விடுகிற வாசனையும் வாழைப்பழ வாசனையும் ஏறக்குறைய ஒன்று, மற்ற தேனீக்கள் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். நான்காவது, எண்ணும் அட்டைகள் ஆய்வுக்கூடத்தைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. பூதக்கண்ணாடி இல்லாமல் எண்ணவே கூடாது.

மூன்றாவது விதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பதினொரு மாதக் குழந்தையின் தாய்க்கு வாழைப்பழம் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அது தானாகவே அவள் தோளில் இருக்கும். மகள் பாதி மென்று துப்பியது, கையால் பிசைந்து என் மேல் தடவியது என்று என் சட்டைகள் எல்லாவற்றிலும் பழம். தினமும் காலையில் கணவர் முன்னால் போய் நின்று, "மோந்து பாருங்க," என்பேன்.

"சவுக்காரம் வாசம்தான் வருது."

"நல்லா மோந்து பாருங்க. இந்தப் பக்கம்."

"அம்மா தாயே, எனக்கு ஆபிசுக்கு நேரமாச்சு."

அவர் சொன்னதை நம்பாமல் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புவேன்.

என் வேலை இதுதான். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஓர் அங்கிளுடைய தென்னந்தோப்பில் ஆறு தேனீப் பெட்டிகள் இருந்தன. வியாழக்கிழமை ஆய்வுக்கூட வேனில் போய், ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் வாசலின் தடவிய வெள்ளை பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருக வேண்டும். தேனீக்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் உண்ணி ஒன்று உண்டு. செம்பழுப்பு நிறம், குண்டூசித் தலையளவு. தேனீக்கள் ஒன்றையொன்று சுத்தம் செய்யும்போது அது கீழே விழும், அட்டையில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை அட்டைகளை உருவி, ஒட்டியிருக்கும் உண்ணிகளை எண்ண வேண்டும். உள்ளூர்த் தேனீ இதில் கெட்டிக்காரி, உண்ணியைப் பெருக விடாது, அட்டைக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம் என்று மேடம் சொல்லியிருந்தார்.

முதல் வியாழக்கிழமை நான் போய் இறங்கிய கோலத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கொடுத்த முகவலையில் ஒரு ஓட்டை இருந்தது. சின்ன ஓட்டைதான். ஒரு தேனீ நுழையலாம். ஒன்று நுழைந்தால் வழி தெரிந்துவிடும் அல்லவா? அதனால் கணவருடைய மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டு, அதன்மேல் மகளுடைய கொசுவலையைக் கவிழ்த்து, கழுத்தில் துப்பட்டாவால் கட்டியிருந்தேன். உடம்பில் மழைக்கோட்டு. கொசுவலையின் ஓரத்தில் வாத்து பொம்மைகள் அச்சடித்திருந்தன.

தோப்பு அங்கிள் சட்டை இல்லாமல், சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, தேனீ பாக்க வந்தியா, தீயணைக்க வந்தியா?"

"பாதுகாப்புக்கு, அங்கிள்."

"அதுங்க பயந்துடப் போவுதும்மா. பாவம் லா, சின்ன உசிரு."

அன்று ஒரு தேனீயும் என்னைக் கொட்டவில்லை. மழைக்கோட்டுக்குள் புழுங்கி எனக்கு மயக்கம் வந்ததுதான் மிச்சம். அங்கிள் இளநீர் வெட்டிக் கொடுத்தார். கொசுவலையைக் கழற்றப் பயந்துகொண்டு ஸ்டிரா போட்டு வலைவழியாகவே குடித்தேன்.

முதல் மூன்று வாரம் எல்லாம் விதிப்படி நடந்தது. அட்டைகளை ஆய்வுக்கூடத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் கால்களைப் பார்த்து எண்ணினேன். ஒன்று, பூஜ்யம், இரண்டு. சிக்கல் நேரத்தால் வந்தது. மகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். அவருக்குத் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட். ஐந்து மணிக்குப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். தோப்பிலிருந்து வேன் ஆய்வுக்கூடத்துக்குப் போய், நான் எண்ணி முடித்து, மினி பஸ் பிடித்து வந்தால் ஆறரை ஆகும். மூன்று வாரமும் அக்கா எனக்காக ஷிஃப்ட்டுக்குத் தாமதமாகப் போனார். மூன்றாவது வாரம், "சூப்பர்வைசர் ஏசுறான்மா," என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான்காவது வாரம் வேன் ஓட்டுநரிடம் என்னை பிரிக்பீல்ட்ஸில் இறக்கிவிடச் சொன்னேன். ஆறு அட்டைகளையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கி வீட்டுக்கு எடுத்துப் போனேன். சனி, ஞாயிறில் சாப்பாட்டு மேசையில் வைத்து எண்ணி, அட்டைகளைக் கழுவி, திங்கட்கிழமை பதிவேட்டில் எண்களை எழுதிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரே பூதக்கண்ணாடி. அதை எப்படிக் கொண்டுவர முடியும்? செம்பழுப்பாக, உருண்டையாக, குண்டூசித் தலையளவில் இருந்தால் உண்ணி. மூன்று வாரம் பார்த்த கண்ணுக்குத் தெரியாதா என்ன?

இங்கே என் கணவரின் கேழ்வரகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அலுவலகத்தில் ஒருவருடைய பிள்ளை ஒன்பது மாதத்தில் நடந்துவிட்டதாம். முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சிதான் காரணமாம். எங்கள் மகளோ பதினொரு மாதமாகியும் உட்கார்ந்தபடியே நகர்ந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான், இவர் பாசாரில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கி வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஊற வைப்பது, தன் பழைய வேட்டியில் மூட்டை கட்டுவது, ஞாயிறு காலையில் முளை வந்ததும் தட்டுகளில் பரப்பிக் காற்றாட விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. மழைக்காலம், வெயில் கிடையாது. அதனால் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மேலே மின்விசிறியை ஐந்தில் வைத்துவிடுவார்.

அதே மேசை. அதே ஞாயிறு. தட்டுகளுக்குப் பக்கத்தில் வாசலின் தடவிய ஆறு வெள்ளை அட்டைகள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மறுகையில் ஊசியால் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் மூன்றாம் பெட்டியில் நாற்பத்தொன்று. ஐந்தாவது வாரம் அறுபத்தேழு. ஆறாவது வாரம் தொண்ணூற்று மூன்று. சந்தேகம் வராமல் இல்லை. எனக்கு எதில்தான் சந்தேகம் வராது? ஒவ்வொரு அட்டையையும் நான்கு முறை எண்ணினேன். நான்கு முறையும் ஒரே எண் வந்ததால், சரியாகத்தான் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடமை தவறக் கூடாது என்று குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேர்த்தேன்: "சில உண்ணிகளுக்கு மெல்லிய வெள்ளை வால் காணப்படுகிறது."

ஏழாவது வாரம் திங்கட்கிழமை மேடம் மூன்று வாரப் பதிவுகளையும் மொத்தமாகப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

"வாலா?"

"ஆமா மேடம். சின்னதா. வெள்ளையா."

"உண்ணிக்கு வால் கிடையாதும்மா."

"இதுக்கு இருக்கு மேடம்."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். உள்ளூர்த் தேனீயிடம் இவ்வளவு உண்ணி இதுவரை யாரும் பார்த்ததில்லை என்றார். வாலோடு உலகத்திலேயே யாரும் பார்த்ததில்லை என்றார். அட்டைகளை நான் கழுவிவிட்டேன் என்றதும், அந்த வார அட்டைகளிலிருந்து நல்ல மாதிரிகளைப் பொறுக்கி அடுத்த திங்களன்று கொண்டுவரச் சொல்லி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார். நான் ஆய்வுக்கூடத்தில் எண்ணுவதாகவே அவர் நினைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு. பிறகு ஷா ஆலமில் இருந்த விவசாய இலாகாவுக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த வார வெள்ளிக்கிழமை இரண்டு அதிகாரிகள் தோப்புக்கு வருவதாக முடிவாயிற்று. தொற்று உறுதியானால் ஆறு பெட்டிகளையும் எரித்துவிடுவார்கள். அதுவரை அங்கிள் தேன் விற்கக் கூடாது.

"நல்ல வேலை செஞ்சிருக்க," என்றார் மேடம் என்னிடம். அந்த வாரம் முழுக்க எனக்கு மிதப்பாக இருந்தது. கையெழுத்து கிடைத்த மாதிரிதான் என்று கணவரிடம் சொன்னேன். மகளிடமும் சொன்னேன்.

ஞாயிறு காலை மேசையில் உட்கார்ந்து, வால் தெளிவாகத் தெரிந்த பதினெட்டு உண்ணிகளை ஊசியால் எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தேன். குப்பியின் மூடியைத் திறக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால், மடியில் இருந்த மகள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். தாளில் பதினாறுதான் இருந்தன.

நான் போட்ட கூச்சலில் கணவர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

"பாப்பா உண்ணிய தின்னுட்டா! ரெண்டு!"

"எந்த உண்ணி?"

"புது வகை! வாலு உள்ளது!"

பதினாறையும் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த கிளினிக்குக்கு ஓடினோம். வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. உள்ளே நுழைந்துவிட்டேன். கிளினிக் டாக்டர் வயதான தமிழர், அவசரப்படாத மனிதர்.

"என்னம்மா சாப்பிட்டா பாப்பா?"

"உண்ணி, டாக்டர்."

"நாய் உண்ணியா?"

"தேனீ உண்ணி. தொத்து வியாதி. ஷா ஆலம்லேருந்து ஆபிசருங்க வராங்க."

கதவருகில் காத்திருந்த ஓர் ஆன்டி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். டாக்டர் குப்பியை வாங்கி, காது பார்க்கும் கருவியின் கண்ணாடியால் உற்றுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இத உண்ணின்னு யாரு சொன்னா?"

"நான்தான், டாக்டர்."

"நீங்க என்னா படிக்கிறீங்க?"

"விவசாய அறிவியல்."

"விவசாயம்," என்று அவர் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அம்மா, இது கேவுரு. முளை கட்டுன கேவுரு."

கணவர் முன்னால் குனிந்தார். காதோரத்தில் சோப்பு நுரை இன்னும் இருந்தது.

"நம்ம கேவுரா? நல்லா முளைச்சிருக்கா டாக்டர்?"

"அருமையா முளைச்சிருக்கு. ஆனா கஞ்சியா குடுங்க. இப்படி வாசலின் தடவி வேணாம்."

வீட்டுக்கு வந்து மேசையைப் பார்த்தேன். மின்விசிறி ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. தட்டிலிருந்து ஒரு கேழ்வரகு உருண்டு வந்து மூன்றாம் பெட்டியின் அட்டையில் ஒட்டிக்கொண்டது, நான் பார்க்கப் பார்க்க. மூன்றாம் அட்டையைத்தான் நான் எப்போதும் தட்டுக்கு மிக அருகில் வைப்பேன். அதனால்தான் அந்தப் பெட்டியில் தொற்று அதிகம்.

மறுநாள் மினி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி என்ன சொல்வது என்று யோசித்தேன். உண்ணிகள் தாமாகவே மறைந்துவிட்டன என்று எழுதலாம். குப்பி பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். உண்மையைச் சொன்னால், அட்டைகளை வீட்டுக்குக் கொண்டு போனதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் கையெழுத்து போச்சு. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஆறு பெட்டி தேனீக்கள் என் கணவருடைய கேழ்வரகுக்காக எரியும். எனக்குத் தேனீக்களைப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு வாரத்தில் அவை என்னை ஒருமுறைகூடக் கொட்டியதில்லை.

மேடம் எனக்காகக் காத்திருந்தார். மேசையில் ஒரு பெரிய மணிலா அட்டை. அதில் கறுப்பு மையில் அழகாக, உள்ளங்கை அளவில் ஓர் உண்ணி வரைந்திருந்தார். பின்னால் வெள்ளை வால் வளைந்திருந்தது.

"கொண்டு வந்தியா?"

"மேடம், அது உண்ணி இல்ல."

"பின்ன என்னா?"

"கேவுரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னா கேவுரு?"

"பாப்பாவுக்கு கஞ்சி காய்ச்ச... முளை கட்டி... எங்க வீட்டுக்காரரு ஃபேன அஞ்சுல வச்சாரு..."

"என் அட்டை உன் வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, ஐந்து மணி, பிஸ்கட் டின், கிளினிக், எதையும் விடவில்லை. மேடம் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் வரைஞ்சிருக்கேன்," என்றார் கடைசியில். "கேவுருக்கு. எட்டு."

பிறகு ஷா ஆலமுக்குத் தொலைபேசி செய்தார். மாதிரிகள் திருப்தியாக இல்லை, அதிகாரிகள் வர வேண்டாம் என்று மலாயில் மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டார். கேழ்வரகு என்ற சொல்லே வரவில்லை. போனை வைத்ததும் என் பதிவேட்டை எடுத்துத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"மேடம், கையெழுத்து..."

"ஆறு பெட்டியையும் மறுபடி எண்ணு. தோப்புலயே. என் கண்ணு முன்னால. நான் தனியா எண்ணி வச்சிருப்பேன். ரெண்டு எண்ணும் ஒத்து வந்தா போடுறேன். இல்லன்னா இல்ல."

அந்த வியாழக்கிழமை மேடம் என்னை விடாமல் வேன் ஓட்டுநரையே அட்டைகளைச் செருக அனுப்பினார். மறுநாள், வெள்ளிக்கிழமை, கணவர் அவசர விடுப்பு எடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். புறப்படும்போது மதியத்துக்கு என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். கேழ்வரகு அடை. நான் பார்த்த பார்வையில் அவரே திருப்பி எடுத்துப் போய்விட்டார்.

தோப்புக்குப் போய் இறங்கினால், தென்னைகளுக்கெல்லாம் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பெட்டிகளுக்குப் புதுப் பச்சைச் சாயம். மேசைமேல் ஒரு கூடை ஆரஞ்சுத் தண்ணீர் போத்தல்கள். அங்கிள் சட்டை போட்டிருந்தார். அதிகாரிகள் வரவில்லை, வாலும் இல்லை, பெட்டிகளை எரிக்கவும் போவதில்லை என்று மேடம் அவரிடம் சொன்னார். சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"ஒன்னுக்குக் கூடவா வால் இல்ல?" என்றார் என்னைப் பார்த்து.

"இல்ல அங்கிள். அது எங்க வீட்டு கேவுரு. என் தப்பு."

"அலாமாக்! காப்பிக் கடை பூரா சொல்லிட்டேனேம்மா. என் தோட்டத்து உண்ணிக்கு மட்டும்தான் உலகத்துலயே வால் இருக்குன்னு. இப்ப என்னான்னு சொல்லுவேன்?"

"தேன் விக்கலாம் அங்கிள்."

"தேன் எல்லாருந்தான் விக்கிறான்."

மேடம் முதலில் எண்ணினார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எண்ணி முடித்து ஒரு துண்டுத் தாளில் எழுதி, நான்காக மடித்து, போத்தலுக்கு அடியில் வைத்தார். பிறகு பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு புள்ளியையும் ஊசியால் புரட்டி, கால் இருக்கிறதா என்று பார்த்தேன். முதல் பெட்டியில் எதுவும் இல்லை. எறும்புத் தலை ஒன்று. இரண்டாவதில் ஓர் உண்ணி, கால்களைப் பரப்பிக்கொண்டு, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல். மூன்றாம் பெட்டியின் அட்டையில் செம்பழுப்பாக ஓர் உருண்டை கிடந்தது. அதை ஊசியால் இரண்டு முறை புரட்டினேன். அங்கிள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அது கேவுருதானே?"

"மகரந்தம், அங்கிள்."

"நல்லா பாரும்மா. கொஞ்சம் வால் மாதிரி இல்ல?"

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் மேடம்.

அதற்குப் பக்கத்தில் வாசலினில் புதைந்தபடி இன்னொன்று. அதற்குக் கால் இருந்தது. எண்ணிக்கையில் சேர்த்தேன். நான்கில் இல்லை. ஐந்தில் ஒன்று. ஆறில் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் மேடம்.

"சொல்லு. எத்தனை?"

"மூணு, மேடம். மூணுன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, எண்ணுனியா?"

"எண்ணினேன்."

அவர் போத்தலைத் தூக்கித் தாளை எடுத்துப் பிரித்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது. அங்கிள்தான் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "மூணு! மூணேதான்மா! எடு ஆரஞ்சு தண்ணி!"

மேடம் கைப்பையிலிருந்து என் பதிவேட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்து, தேதி போட்டு, கையெழுத்திட்டார். குறிப்புப் பகுதியில், "எண்ணத் தெரியும்," என்று மட்டும் எழுதினார். மை காயும்வரை குனிந்து ஊதினேன். அழ வேண்டும் போலிருந்தது, சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

"மேடம், மூணாவது பெட்டியில வாசலினுக்குள்ள ஒன்னு இருந்துச்சே. அதுக்கு நான் ஏழு காலுதான் எண்ணுன மாதிரி இருக்கு. ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடவா?"

மேடம் பேனாவை மூடினார். பதிவேட்டை என் கையில் திணித்தார். பூதக்கண்ணாடியைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"வேன்ல ஏறு," என்றார்.